சுமங்கலி டீச்சர்

"உஷா, கதவத் திறந்தாச்சா?"

படுக்கையறைக்குள்ளிருந்து ஜெயமாலாவின் குரல் வந்தது. அறைக்கதவு உட்பக்கம் தாழிட்டிருந்தது.

"திறந்துட்டேன்கா."

"டீச்சர் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க. செருப்பக் கழட்டுறாங்க."

"அவங்க சமையலறைக்குள்ள போனதும் திரைய இழுத்து விடு. விட்டுட்டுச் சொல்லு. அதுக்கப்புறம்தான் நாங்க கண்ணத் திறப்போம்."

ஹாலில் பட்டுச்சேலையோடு நின்றிருந்த உஷாராணிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எதிரே சந்திரகலா டீச்சர் ஒரு கையில் செருப்பும் மறு கையில் பாடத்தாள்களுமாக நின்றாள். செருப்பை வாசலில் விடக்கூடாதாம், பிள்ளைகள் வரும்போது கண்ணில் படுமாம். அதையும் சமையலறைக்கே எடுத்துப் போகச் சொல்லியிருந்தார்கள்.

"எம் மூஞ்சிய நீங்க பார்க்கலாமா, உஷா?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு இன்னைக்குப் பரீட்சை இல்லைல்ல டீச்சர். அதனால பரவால்லையாம். ஜெயமாலா அக்கா சொன்னாங்க."

டீச்சர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். உஷாராணி திரையை இழுத்துவிட்டாள். பூப்போட்ட பழைய திரை. அளவு போதாமல் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டது. அதன் வழியே டீச்சரின் பாதங்கள் தெரிந்தன. உஷாராணி கொஞ்சம் யோசித்து ஒரு துண்டை எடுத்து அந்த இடைவெளியில் போட்டாள். பிறகுதான், "ஆச்சுக்கா!" என்று குரல் கொடுத்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் பள்ளியிறுதி எஸ்.பி.எம். பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்கவேண்டுமென்றால் பெற்றோர் முதலில் சொல்லும் பெயர் சந்திரகலா டீச்சர்தான். இலக்கணத்தை யாரும் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு பத்தியைக் கொடுத்து, எழுதியவன் சொன்னது என்ன, சொல்லாமல் விட்டது என்ன என்று பிள்ளைகளைத் தோண்டியெடுக்க வைப்பதில் அவளுக்கு நிகரில்லை. பரீட்சை அன்று விடியற்காலையில் கடைசியாக ஒரு வகுப்பு எடுப்பாள். முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தன் கையால் ஒரு பேனா கொடுத்து அனுப்புவாள். அந்தக் கைராசியைப் பற்றி பெற்றோர்கள் பெருமையாகப் பேசுவார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் டெங்கிக் காய்ச்சலில் அவள் கணவர் ஜெயந்திரன் இறந்தார். அன்றோடு கைராசியும் இறந்ததென்று பெற்றோர்கள் தீர்மானித்துவிட்டார்கள். பாடத்துக்கு மட்டும் தொடர்ந்து பிள்ளைகளை அனுப்பினார்கள். பாடம் சொல்லும் வாய்க்குத் தோஷமில்லை, பேனா கொடுக்கும் கைக்கும் விடியற்காலையில் தெரியும் முகத்துக்கும்தான் தோஷம் என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கைப் போட்டவர் இந்த வீட்டுக்காரர், ஜெயமாலாவின் கணவர் சிவசம்பு. அரசாங்க இலாகா ஒன்றில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவருடைய பாட்டனார் ரயில்வேயில் ஆங்கிலக் கடிதம் எழுதியே வீடு கட்டினார் என்பதை யாரிடமும் சொல்லாமல் விடமாட்டார். அப்படிப்பட்ட வம்சத்தில் பிந்திப் பிறந்த ஒரே மகள் நிலானி, பள்ளியில் நடந்த முன்னோட்டப் பரீட்சையில் ஆங்கிலத்தில் மட்டமான புள்ளிகள் வாங்கிக்கொண்டு வந்தாள். சிவசம்புவுக்கு உறக்கம் போயிற்று. டீச்சருடைய கடைசி வகுப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் பரீட்சைக்குப் போகிற பிள்ளை விதவை முகத்தில் விழிக்கக்கூடாது.

இந்தப் பழக்கம் உண்டான காலத்தில் வீடுகளுக்குப் பின்வாசல் இருந்தது. சிவசம்புவின் வீடு பதினெட்டாவது மாடியில் இருந்தது. ஒரே வாசல். ஆகவேதான் குடும்பமே அறைக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருக்க, டீச்சர் செருப்போடு சமையலறைக்குள் போகவேண்டியிருந்தது.

அதோடும் முடியவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் யாராவது நின்று பாடம் சொல்லவேண்டும், பேனா கொடுக்கவேண்டும். யார் கொடுப்பது என்று பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை நடந்தது. ஜெயமாலா கொடுத்தால் ராசியெல்லாம் நிலானிக்கே போய்விடும் என்று கென்னத்தின் அம்மா சூசன் சொன்னாள். சூசன் கொடுத்தால் கென்னத்துக்குப் போய்விடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். சூசன் மாதாகோவிலுக்குப் போகிறவள். "எங்களுக்கு இதுலல்லாம் நம்பிக்கை கிடையாதுலா. இருந்தாலும் எதுக்கு ரிஸ்க் எடுக்கணும்?" என்று அவளே முடித்தும் வைத்தாள். பரீட்சை எழுதும் பிள்ளை யாருக்கும் தாயாகவோ உறவாகவோ இல்லாத ஒரு சுமங்கலி வேண்டும் என்று முடிவாயிற்று.

அப்படித் தேடியதில் அகப்பட்டவள்தான் உஷாராணி. அதே வீதியில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிற கடை வைத்திருந்தாள். அவள் கணவன் லோகன் லோரி ஓட்டுகிறவன். பல வருடங்களுக்கு முன்பே அவளை விட்டுவிட்டு, சுங்கை பூலோவில் மாதவி என்ற பெண்ணோடு குடித்தனம் நடத்தப் போய்விட்டான். ஒரே மகள் விஷ்ணுப்ரியா கிள்ளானில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் ஓடிப்போனவள் என்பதால் அதுவரை எந்த நல்ல காரியத்துக்கும் யாரும் உஷாராணியைக் கூப்பிட்டதில்லை. குழுவில் இதை ஒருவர் கிளப்பியபோது சிவசம்பு சட்ட நுணுக்கத்தோடு பதில் எழுதினார்.

"உயிரோட இருக்காருல்ல? அது போதும்."

ஜெயமாலா வெற்றிலைத் தட்டோடு கடைக்கு வந்து அழைத்தபோது உஷாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கும் ஒரு தட்டு வந்ததே என்ற மகிழ்ச்சியில் அவள் எதையும் கேட்கவில்லை. தம்பதியாக நின்று பேனா கொடுத்தால் இன்னும் விசேஷம் என்று ஜெயமாலா சொன்னதும், வெட்கத்தை விட்டு லோகனுக்குப் போன் செய்தாள். அவனும் மறுக்கவில்லை.

"நீ தைச்சுக் குடுத்த நீலப் பாத்திக் சட்டை இன்னும் இருக்கு உஷா. அதையே போட்டுட்டு வரேன்," என்றான். அந்த வார்த்தையை அவள் பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தன்னிடம் திரும்பி வருவதாக அவன் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிள்ளைகள் சீருடையில் வந்து சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கென்னத்தை அழைத்து வந்த சூசன் ஓர் ஓரமாக நின்றுகொண்டாள். சாமி விளக்கு எரிந்தது. விளக்குக்குப் பக்கத்தில் வெள்ளித் தட்டில் பேனாக்கள் குங்குமப் பொட்டோடு இருந்தன. உஷாராணியின் காதில் சிவசம்பு ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டார். சமையலறையில் எரிவாயுத் தோம்புக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த டீச்சர், போனில் மெதுவாகப் பேசுவாள். உஷாராணி அதைக் காதில் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சத்தமாகச் சொல்லவேண்டும். ஏற்பாடு அதுதான்.

"குட் மார்னிங் ஸ்டூடன்ட்ஸ்," என்றாள் உஷாராணி.

"குட் மார்னிங் டீச்சர்," என்று பிள்ளைகள் எல்லோரும் திரையைப் பார்த்துச் சொன்னார்கள்.

"அங்க என்ன பார்வை? உஷா ஆன்டியப் பாருங்க," என்று சிவசம்பு அதட்டினார்.

உஷாராணி ஆரம்பப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள். வாடிக்கையாளரிடம் பேசுகிற அளவுக்கு ஆங்கிலம் வரும். அதற்கு மேல் வராது. காதில் விழுந்ததை முடிந்தவரை உருட்டிவிட்டாள்.

"ரீட் பிட்வீன் தி லயன்ஸ்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களுக்குப் புரியவில்லை போலும் என்று உஷாராணி தன் பங்குக்குத் தமிழிலும் விளக்கினாள். "அதாவது, ரெண்டு பக்கமும் சிங்கம் நிக்கிற மாதிரி நெனச்சிக்கிட்டுப் பயத்தோட படிக்கணும்."

"லைன்ஸ் ஆன்டி," என்றான் கென்னத் அடக்கமுடியாத சிரிப்போடு. "வரி. வரிக்கு நடுவுல மறைஞ்சிருக்கிற அர்த்தத்தப் படிக்கச் சொல்றாங்க."

சமையலறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. சிவசம்பு திரைக்கு முன்னால் போய் நின்று, "டீச்சர், உள்ள சிரிக்காதீங்க. வெளிய கேக்குது," என்றார்.

அடுத்து வந்தது இன்னும் மோசம். கேள்விக்குப் பதிலைப் பத்தியிலிருந்து அப்படியே தூக்கி எழுதுவதை ஆங்கில ஆசிரியர்கள் லிஃப்ட் பண்ணுவது என்பார்கள். லிஃப்ட் பண்ணாதீர்கள் என்று டீச்சர் சொன்னாள். உஷாராணி கைவிரலை உயர்த்தி எச்சரித்தாள். "முக்கியமா, இன்னைக்கு யாரும் லிஃப்ட்ல போகக்கூடாது."

"பதினெட்டு மாடியும் படியிலயா எறங்கணும்?" என்று சிவசம்பு திடுக்கிட்டார். "ஏன், லிஃப்ட்ல ஏதும் தோஷமா?"

நிலானி மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிவசம்புவுக்குக் கோபம் வந்தது. சந்திரகலா டீச்சரும் திரைக்குப் பின்னால் ஆங்கிலத்தைக் கைவிட்டாள். உஷாராணியின் காதில் தமிழில் நிதானமாகப் பேசத் தொடங்கினாள். இப்போது உஷாராணியின் வாயில் தடுமாற்றமில்லை.

"ஒரே சொல்லுக்கு எடத்துக்கு எடம் அர்த்தம் மாறும். ஒரு வாக்கியம் புரியலன்னா பதறாதீங்க. இதச் சொன்னது யாரு, யார்கிட்டச் சொன்னாங்க, எதுக்குச் சொன்னாங்க, இதக் கேட்டுப் பாருங்க. பதில் அதுக்குள்ளயே இருக்கும்."

பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திக் கேட்டார்கள். தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை உஷாராணியும் கேட்டாள். நல்ல பேச்சாக இருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்குத் தான் உண்மையாகவே டீச்சராகிவிட்டதுபோல இருந்தது.

வகுப்பு முடியும் நேரத்தில் ஜெயமாலா கதவுப்பக்கம் எட்டிப் பார்த்தாள். "உஷா, உங்க வீட்டுக்காரர இன்னும் காணோமே? பேனா குடுக்குற நேரம் வந்துடுச்சு."

"வரேன்னுதான்கா சொன்னாரு," என்றபோதே உஷாராணியின் கையிலிருந்த போன் மினுக்கியது. தெரியாத எண்ணிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி. அவள் எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே படித்தாள்.

"அக்கா, லோகன் டிட்ன்ட் மேக் இட். ஐ யாம் சோ சாரி. ப்ளீஸ் கால்."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "லோகன் செய்யலன்னு வருது. எத செய்யல?"

கென்னத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மா சூசன் நெற்றியில் சிலுவை போட்டாள். நிலானி எழுந்து நின்றாள். "அப்பா..."

"நீ உக்காரு," என்று ஜெயமாலா அவள் தோளை அழுத்தினாள். "பரீட்சைக்குப் போற பொண்ணு வாயத் திறக்காத."

சிவசம்பு போனை வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு மிகச் சாதாரணமாக, "வர முடியலையாம். அவ்வளவுதான்," என்றார். "பரவால்ல. நீ மட்டும் பேனாவக் குடு உஷா. சீக்கிரம்."

போனை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உஷாராணி தட்டை எடுக்கப் போனாள். பின்னால் சூசனும் சிவசம்புவும் ஆங்கிலத்தில் முணுமுணுத்தார்கள். அவளுக்குப் புரியாது என்ற தைரியம். சூசன் ஏதோ கேட்க, சிவசம்பு பதில் சொன்னார். அந்த ஆங்கிலத்தில் 'இன்னும் தெரியாதே' என்ற பொருள் மட்டும் உஷாராணிக்கு எப்படியோ எட்டியது. தனக்குத் தெரியாதது என்ன? அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். ஒரு பிள்ளைகூட அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

காதில் இருந்த கருவியைத் தொட்டாள். "டீச்சர், கேட்டீங்கதான? நீங்க சொல்லுங்க. அதுக்கு என்ன அர்த்தம்?"

கருவியில் பதில் வரவில்லை. துண்டு விலகியது. திரை விலகியது. சந்திரகலா டீச்சர் வெறுங்காலோடு ஹாலுக்கு வந்தாள்.

"டீச்சர்! பிள்ளைங்க!" என்று ஜெயமாலா அலறினாள்.

"எல்லாரும் சுவரைப் பாருங்க!" என்று சிவசம்பு கத்தினார். "எந்திரிங்க! திரும்பி சுவரைப் பாருங்க!"

நாற்காலிகள் உருண்டன. எஸ்.பி.எம். எழுதப்போகிற பிள்ளைகள் சீருடையில் வரிசையாகச் சுவரோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நிலானி மட்டும் திரும்பவில்லை.

டீச்சர் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. உஷாராணியின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"உஷா, அந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. வர முடியலன்னும் சொல்லலாம். பொழைக்கலன்னும் சொல்லலாம்."

"இதுல எது?"

"போன் பண்ணிக் கேப்போம். நான் பக்கத்துலயே இருக்கேன்."

சற்றுமுன் தன் வாயாலேயே சொன்ன பாடம் உஷாராணிக்கு நினைவுக்கு வந்தது. சொன்னது யார்? யாரிடம்? எதற்கு?

"அக்கான்னு போட்டிருக்கு," என்றாள் மெதுவாக. "அவரு என்னைய அக்கான்னு கூப்பிடமாட்டாரு. அப்ப இது அந்தப் பொண்ணு மாதவி. சாரி கேக்குறா. வர முடியலன்னா அவ எதுக்கு எங்கிட்ட சாரி கேக்கணும்? அவரு எங்கிட்ட வராம இருந்ததுக்கு இத்தன வருஷத்துல அவ ஒரு தடவகூட சாரி கேட்டதில்லையே, டீச்சர்."

சொல்லி முடித்து, சிவசம்புவின் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"சார், அவங்க போன்," என்று டீச்சர் கையை நீட்டினாள்.

"கொஞ்ச நேரம் டீச்சர்," என்று சிவசம்பு கெஞ்சினார். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பிள்ளைங்க போயிடட்டும். அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாதுன்னே வச்சுக்குவோம். தெரியாத வரைக்கும் அவ சுமங்கலிதான? பேனா குடுக்க ஒரு நிமிஷம்தான் ஆகும்."

நிலானி அப்பாவின் சட்டைப் பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்து உஷாராணியிடம் கொடுத்தாள்.

மாதவி அழுதுகொண்டே பேசினாள். லோகன் விடிகாலையிலேயே குளித்து, நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளைக் கிளப்பப் போனவன் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறான். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போயும் பலனில்லை.

உஷாராணி கேட்டுக்கொண்டிருந்தாள். போன் அணைந்த பிறகும் காதில் வைத்தபடியே இருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தச் சட்டையின் காலர் சரியாக உட்காரவில்லை, பிரித்துத் தைக்கவேண்டும் என்று அப்போதே நினைத்தோமே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

"விடியக்காலம்பற கதவத் திறந்ததும் அந்த மூஞ்சியப் பார்த்தா வேற என்ன ஆகும்," என்று சூசன் சுவர்ப்பக்கம் திரும்பி மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அது எல்லோருக்கும் கேட்டது. சந்திரகலா டீச்சரின் கை உஷாராணியின் தோளிலிருந்து தானாக விலகியது.

உஷாராணி அந்தக் கையைப் பிடித்து இழுத்து மறுபடி தன் தோள்மேல் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, டீச்சர் மூஞ்சியில முழிச்சது நானு. நான் சாகலையே," என்றாள். "அவரு முழிச்சது மாதவி மூஞ்சியில. அந்தப் பொண்ணு நல்லா குங்குமம் வச்சிக்கிட்டு, தலைநெறையப் பூவோட இருக்கிறவ. அப்புறம் எப்படிங்க அவரு செத்தாரு?"

சிவசம்பு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துக்கம் கேட்கிற மரியாதையும் பரீட்சைக்கு நேரமாகிற பதற்றமும் அவர் முகத்தில் மாறி மாறி வந்தன. கடைசியில் பதற்றம் ஜெயித்தது. "ஜெயமாலா, பேனா! யாராவது பேனாவக் குடுங்க!" என்றார். ஜெயமாலா கொடுத்தால் ராசி பாரபட்சமாகிவிடும் என்று அந்த நேரத்திலும் சூசன் ஆட்சேபித்தாள். சூசன் கொடுப்பதற்கு ஜெயமாலா சம்மதிக்கவில்லை. தட்டு நடுவில் நின்றது.

"என்கிட்டயே பேனா இருக்கும்மா," என்று கென்னத் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "எல்லார்கிட்டயும் இருக்குலா."

டீச்சர் சமையலறைக்குப் போய்ச் செருப்பை எடுத்து வந்தாள். நடு ஹாலில் போட்டு, மாட்டிக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்து நின்ற முதுகுகளைப் பார்த்து, "நேரத்துக்குப் போங்க. முதல்ல கேள்வியப் படிங்க, அப்புறம் பத்தியப் படிங்க," என்றாள். உஷாராணியைத் தாங்கிக்கொண்டு கதவைத் தாண்டினாள். நிலானி பையைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே போனாள்.

"நிலானி! அடுத்த லிஃப்ட்ல வா! அவங்களோட போகாத!" என்று சிவசம்பு வாசல்வரை ஓடிவந்தார். நிலானி உஷாராணியின் மறுபக்கக் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினாள். கதவு மூடியது.

சுங்கை பூலோவில் இன்னொரு குழப்பம் காத்திருந்தது. மஞ்சளும் பொட்டும் அழிக்கிற சடங்கை யாருக்குச் செய்வது என்று லோகனின் சொந்தக்காரர்கள் விவாதித்தார்கள். கூட வாழ்ந்தவள் மாதவி. ஆனால் அவளுக்குத் தாலி கட்டவில்லை, ஆகவே அவள் விதவையாக முடியாது. அந்த உரிமை உஷாராணிக்குத்தான் என்று முடிவு செய்தார்கள். இத்தனை வருடம் அவளுடைய எந்த உரிமையையும் பேசாதவர்கள், இதைப் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தார்கள். கிள்ளானிலிருந்து ஓடிவந்த விஷ்ணுப்ரியா, "எங்க அம்மாமேல யாரும் கை வைக்கக்கூடாது," என்று முன்னால் வந்து நின்றாள். உஷாராணி அவளை விலக்கிவிட்டு, லோகனின் காலருக்கு வெளியே முறுக்கிக்கொண்டிருந்த நூலை மட்டும் பல்லால் கடித்து எடுத்தாள். பக்கத்தில் சுருண்டு கிடந்த மாதவிக்குத் தண்ணீர் கொடுத்தாள். வந்த பெண்களிடம், "பொட்டு நான் சின்னப் புள்ளையில இருந்து வைக்கிறது. அவரு வாங்கிக் குடுத்தது இல்ல," என்று சொல்லிவிட்டுப் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பினாள். மறுவாரம் கடையைத் திறந்தபோது நெற்றியில் பொட்டு இருந்தது.

பரீட்சை முடிவுகள் வந்தன. எல்லாப் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் நன்றாகச் செய்திருந்தார்கள். நிலானி அவர்களில் முதலாவதாக வந்தாள். இதற்கான காரணத்தைச் சிவசம்பு குழுவில் விரிவாக எழுதினார். நெருக்கடியான நேரத்தில் பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தோமே, அதுதான் காப்பாற்றியது. இனி ஒவ்வொரு வருடமும் பரீட்சைக்குக் கிளம்புமுன் பிள்ளைகள் சற்று நேரம் சுவரைப் பார்த்து நிற்பது நல்லது. பலரும் கைகூப்பிய படம் போட்டு ஆமோதித்தார்கள். தான் சுவரைப் பார்க்கவே இல்லை என்று நிலானி குழுவில் எழுதச் சொன்னதை அவர் எழுதவில்லை.

அதற்குள் சந்திரகலா டீச்சர் தன் வகுப்பை உஷாராணியின் கடைக்கு மேல்மாடிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். படியேறி வருகிற யார் கண்ணிலும் முதலில் படுகிற மாதிரி வாசலுக்கு நேரே தன் நாற்காலியைப் போட்டிருந்தாள். பரீட்சை அன்றும் அங்கேதான் இருப்பேன், விருப்பமிருப்பவர்கள் பிள்ளைகளை அனுப்பலாம் என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் வந்தார்கள். அழைத்து வருகிற பெற்றோர்களில் சிலர் வீதி முனையிலேயே காரை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஒரு நாள் மதியத்துக்கு மேல் சிவசம்பு கடைக்கு வந்தார். காலையில் அந்தப் பக்கம் அவர் வரமாட்டார். உறவுக்காரப் பிள்ளை ஒன்று இந்த வருடம் பரீட்சை எழுதுகிறது. குழுவின் பொறுப்பை அவரிடமே மறுபடி கொடுத்திருந்தார்கள்.

"பேனா குடுக்க ஒரு சுமங்கலி வேணும் உஷா," என்றார் கூச்சமில்லாமல். "உங்கிட்ட ஜாக்கெட் தைக்க நெறைய பேரு வராங்க. யாராச்சும் இருந்தா சொல்லு. போன தடவ மாதிரி ஆயிடக்கூடாது. வீட்டுக்காரரோட மெடிக்கல் ரிப்போர்ட்டப் பார்த்துட்டுத்தான் இந்தத் தடவ முடிவு பண்ணுவோம். நெஞ்சுவலி, சக்கரை, பிரஷர் எதுவும் இருக்கக்கூடாது."

உஷாராணி தையல் மெஷினை நிறுத்தினாள். அவருக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"சரி சார். அதோட இன்னும் கொஞ்சம் சேர்த்துக்குங்க. அந்த ஆளு பொண்டாட்டியோட ஒரே வீட்டுல இருக்கணும். குடிச்சிட்டு வந்து அவள அடிக்கக்கூடாது. வேற எங்கயும் குடும்பம் வச்சிருக்கக்கூடாது. அப்படி ஒருத்தரப் பார்த்துச் சொல்லுங்க. அவரு சம்சாரத்துக்கு நான் காசு வாங்காம ஜாக்கெட் தைச்சுத் தரேன்."

கேலி என்று அவருக்குத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வீடு வீடாக யோசித்தார். தன் வீதியை முடித்துவிட்டுப் பக்கத்து வீதிக்கும் போனார் போலிருந்தது. பிறகு கண்ணைத் திறந்து, உண்மையான கவலையோடு உஷாராணியைப் பார்த்தார்.

"என்னம்மா இது? அப்படியெல்லாம் பார்க்கப் போனா, சுமங்கலிக்கு நாங்க எங்க போறது?"